பூஜையில் வைத்த ஸ்பேனர்

ஆயுத பூஜைக்கு விளக்கேற்றிய புஷ்பா மகளை அழைத்தார்.

“தனா, போன வருஷம் மாதிரி ஆபிஸ் லேப்டாப்ப கொண்டாந்து வைம்மா.”

தனேஸ்வரி தன் பையைத் திறந்தாள். “அத நேத்தே ஆபிஸ்ல ஒப்படைச்சிட்டேன்மா. வேலைய விட்டுட்டேன்.” விடுமுறை நாள்களில் தான் ஆசையாய் வேலை பழகிய பத்தாங் பெர்ஜுந்தாய் ஊரிலுள்ள லோரிப் பட்டறையின் ஸ்பேனரை விளக்கின் முன் வைத்தாள். “நாளைக்கு விஜயதசமி. அங்கதான் சேர்றேன்.”

“சம்பளம்?”

“பாதிதான். ஆனா திங்கக்கிழமைன்னா வயிறு கலங்காது.”

அம்மா ஸ்பேனரைத் தூக்கி வெளியே வைத்துவிடுவாரோ என்று தனேஸ்வரி அஞ்சினாள். புஷ்பா சந்தனத்தைத் தொட்டு அதில் பொட்டு வைத்தார். எண்ணெய்ப் பிசுக்கில் பொட்டு வழுக்கி வழிந்தது.

“இப்படியா லா சாமிகிட்ட வைப்ப? நல்லாத் தொடைச்சிட்டு வா, பொட்டு நிக்கட்டும்.”