கணக்கில் வராத இருபத்திரண்டு

என் புருஷன் கார்லண்டின் துப்பாக்கிகளை எடுத்துப்போக ஷெரிஃபின் ஆள் எஸ்டில் வந்தபோது எனக்கு ஒரு கண்தான் திறந்திருந்தது. இன்னொன்றை முந்தின வாரம் கார்லண்ட் மூடிவைத்திருந்தான். என் பக்கம் வரக் கூடாது, கையில் ஆயுதம் இருக்கக் கூடாது என்று நீதிபதி உத்தரவு போட்டார். அவனும் சாதுவாகத் தலையாட்டிவிட்டு, ஓடைக்கு அந்தப் பக்கம் அவன் அண்ணன் வீட்டில் போய் இருந்துகொண்டான். ஆனால் பெட்ரோல் பங்கில் நின்று, அவரைக்காய் பறிப்பதற்குள் அவளை மண்ணுக்குள் வைக்கிறேன் என்று நாலு பேர் கேட்கச் சொல்லியிருக்கிறான். கார்லண்ட் எத்தனையோ பொய் சொல்வான். அடிக்கிறேன் என்று சொல்லிவிட்டு அடிக்காமல் விட்டது மட்டும் கிடையாது.

எஸ்டில் பள்ளியில் எனக்கு ஒரு வகுப்பு கீழே படித்தவன். மான் சுடும் ரைஃபிள்கள், கைத்துப்பாக்கி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினான். கடைசியாக, சமையலறைக் கதவுக்குப் பின்னால் சாத்தியிருந்த இரட்டைக் குழல் துப்பாக்கி. அதை எடுக்க வேண்டுமென்றால் முன்னால் நின்ற என் இருபத்திரண்டை, அதாவது அணில் சுடுகிற .22 சின்னக் குழலை, நகர்த்த வேண்டும். நகர்த்தினான். இரட்டைக் குழலை எடுத்துக்கொண்டு, இருபத்திரண்டைப் பழைய இடத்திலேயே பதமாகச் சாத்திவைத்தான்.

"அவ்வளவுதான டெல்ஃபி? வேற துப்பாக்கி எதுவும் இல்லியே?"

"இல்லப்பா. அவ்வளவுதான்."

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. எங்கள் மலையில் இருபத்திரண்டை யாரும் துப்பாக்கியோடு சேர்ப்பதில்லை. வீட்டில் துடைப்பம் இருக்கும், வாளி இருக்கும், இருபத்திரண்டு இருக்கும். சுண்டுவிரல் நுனியளவு தோட்டா. அதன் அடி விளிம்பில் ஊசி தட்டினால் டப்பென்று ஒரு சத்தம், தோளில் உதைக்கவும் உதைக்காது. ஒரு பெட்டி வாங்கிப் போட்டால் குளிர்காலம் முழுக்க அணில் குழம்பு சாப்பிடலாம். பாம்புக்கு அதுதான், பன்றி அறுக்கிற அன்றைக்கு அதன் நெற்றிக்கும் அதுதான். நான் என்னுடையதைக் காட்டில் ஜின்செங் வேர் தோண்டி விற்ற காசில், பாவாடை கட்டித் திரிந்த வயதில் வாங்கினேன். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும். கல்யாணத்துக்கு நான் கொண்டுவந்த சீர் என்றால் அது ஒன்றுதான். கார்லண்டின் மேல் எனக்கு ஆசை விட்டுப்போன நாள் உண்டு, அதன் மேல் விட்டுப்போனதே இல்லை.

ஆகஸ்ட் மாதம். அவரைக் கொடியில் காய் முற்றிக்கொண்டிருந்தது. கொடிக்கு அடியில் வளை தோண்டியிருந்த ஒரு கிரவுண்ட்ஹாக், பெருச்சாளி மாதிரிப் பிராணி, பூனையைவிடக் கொழுத்தது, தினம் காலையில் வந்து பாதி வரிசையை மேய்ந்துவிட்டுப் போகும். அதற்காக வாளியைக் கவிழ்த்துப் போட்டு, மடியில் இருபத்திரண்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோளக்கொல்லையில் சலசலப்பு கேட்டது. வந்தது கார்லண்ட். கையில் கோடரிக் காம்பு.

"என்னடி, அணில் வேட்டையா?"

"அங்கயே நில்லு கார்லண்ட். ஜட்ஜ் சொன்னது ஞாபகம் இருக்கில்ல?"

"ஜட்ஜ் என்ன உங்க சித்தப்பனா? வரச் சொல்லு, அவனுக்கும் ரெண்டு வைக்கிறேன்."

"கிட்ட வராத. சுட்டுருவேன்."

"அத வெச்சா?" என்று கேட்டுச் சிரித்தான். நடிப்பில்லை, வயிறு குலுங்கத்தான் சிரித்தான். "போயி நெசத் துப்பாக்கி ஒண்ணு வாங்கிட்டு வாடி. இருபத்திரண்ட நீட்டி ஆம்பளைய மெரட்டுறா பாரு."

அவனும் இதே மலையில் பிறந்தவன்தானே. மான் ரைஃபிளை நீட்டியிருந்தால் அவன் கால் நின்றிருக்கும். அதை எஸ்டில் கொண்டுபோய்விட்டான்.

கார்லண்ட் காம்பை ஓங்கிக்கொண்டு வரிசையைத் தாண்டினான். நான் சுட்டேன். அவன் வலது விலாவுக்குக் கீழே கொசு கடித்ததுபோலத் தட்டிக்கொண்டான். அவ்வளவுதான், நடை கொஞ்சமும் குறையவில்லை. இரண்டாவது தோட்டாவை எடுக்க மடிப்பையில் கையை விட்டேன். அவசரத்தில் மூன்று நான்கு மண்ணில் கொட்டின. அதற்குள் காம்பு என் தோளில் இறங்கியது. காறை எலும்பு முறிந்த சத்தம் எனக்கே கேட்டது. இருபத்திரண்டைப் பிடுங்கி அதன் கட்டையாலேயே வாயில் இடித்தான். பல் இரண்டு நாக்கின் மேல் வந்து கிடந்தன. கீழே விழுந்த பிறகு வயிற்றில் உதைத்தான், முதுகில் உதைத்தான், பிறகு தலைமயிரைச் சுற்றிப் பிடித்துக் கொடிகளின் ஊடே வீட்டுப்படி வரைக்கும் இழுத்துப்போனான். படியில் என் கழுத்தின் மேல் பூட்ஸை வைத்து அழுத்தினான். கண் இருட்டிக்கொண்டு வந்தது. இன்றைக்கு முடிந்தது என்றுதான் நினைத்தேன். எனக்குச் சாகப் பிடிக்கவில்லை. அது ஒன்றுதான் அப்போது மனதில் இருந்தது.

பூட்ஸ் தானாகவே விலகியது. கார்லண்ட் படியில் உட்கார்ந்து பெரிது பெரிதாக மூச்சு வாங்கினான்.

"இரு. களைப்பா இருக்கு. கொஞ்சம் தண்ணி குடிச்சிட்டு முடிக்கிறேன்," என்றான். "ஏந்திரி. ரெண்டு முட்டையப் போடு. காலைல இருந்து ஒண்ணும் சாப்பிடல."

எழுந்தேன். இடது கை தொங்கிக்கொண்டிருந்தது. வலது கையால் அடுப்பைப் பற்றவைத்து, சட்டியில் பன்றிக் கொழுப்பைப் போட்டு, முட்டையை உடைத்தேன். என் வாயிலிருந்து ரத்தம் சட்டியில் சொட்டிப் பொரிந்தது. அவன் மேஜையில் உட்கார்ந்து சட்டையைத் தூக்கிப் பார்த்துக்கொண்டான்.

"பாருடி உன் வீரத்த. பென்சில் குத்துன மாதிரி இருக்கு. ரத்தமே வரல."

பார்த்தேன். பன்றிக்கு நெற்றி தவறி வயிற்றில் பட்டால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். வெளியே ஒரு சொட்டுதான் இருக்கும், அறுத்தால் உள்ளே வாளி நிறைய இருக்கும். அவனுடைய உதடு அப்போதே வெளுத்துவிட்டிருந்தது. எதிர்ச் சுவரில் போன் இருந்தது. போய் எடுத்தேன்.

"எங்க போன் பண்ற?"

"ஆம்புலன்ஸ்க்கு. உள்ள ரத்தம் போகுது கார்லண்ட்."

"வைடி அத. இருபத்திரண்டு பட்டதுக்கு ஆம்புலன்ஸ்ல போனான்னு ஊரே கைகொட்டிச் சிரிக்கவா? வைன்னு சொன்னேன்."

வைத்தேன். முட்டையைத் தட்டில் போட்டு அவன் முன்னால் நகர்த்தினேன். ஒரு வாய் வைத்தான், விழுங்க முடியவில்லை, துப்பினான். குளிருகிறது என்றான். ஆகஸ்ட் மாதத்தில் பல் தந்தி அடித்தது. எழுந்து என்னை நோக்கி ஒரு அடி வைத்தவன் மேஜையைச் சாய்த்துக்கொண்டு தரையில் விழுந்தான். முழங்கையால் ஊன்றி என் பாவாடை ஓரத்தைப் பிடித்துக்கொண்டான். காம்பைப் பிடித்த அதே கைதான், இப்போது குழந்தை பிடிக்கிற பலம்கூட அதில் இல்லை.

"டெல்ஃபி, எனக்கு என்னமோ பண்ணுது."

"ம்."

"பயமா இருக்குடி. போகாத. என்ன விட்டு எங்கயும் போகாத."

போன் நாலு எட்டில் இருந்தது. பாவாடையை ஒரு இழுப்பு இழுத்தால் அவன் பிடி விட்டுப்போயிருக்கும். நான் அவன் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். அவன் தலை வியர்த்திருந்தது, பாவாடை விளிம்பால் துடைத்துவிட்டேன். சட்டியில் கொழுப்பு கருகிய வாடை வந்தது, அடுப்பை அணைக்கக்கூட எழுந்திருக்கவில்லை. அவன் மூச்சு இழுத்து, நின்று, இழுத்து, பிறகு இழுக்கவில்லை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்த பிறகுதான் எழுந்து போனை எடுத்தேன்.

விசாரிக்க டவுனிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்தாள், நல்ல மாதிரி. என் தாடையில் கம்பி கட்டியிருந்ததால் மெதுவாகத்தான் பேச முடிந்தது. சுட்டதைப் பற்றி அவள் அதிகம் கேட்கவில்லை. கழுத்தில் பதிந்திருந்த பூட்ஸ் தடம் போதும் என்றாள்.

"சுட்டதுக்கப்புறம் அவரு ரொம்ப நேரம் உயிரோட இருந்திருக்காரும்மா. போன் எட்டுற தூரத்துலதான் இருந்துச்சு. ஏன் கூப்பிடல?"

"எடுத்தேன். வைன்னான், வெச்சேன்."

"அவரு விழுந்ததுக்கப்புறம்?"

"போகாதன்னான். போகல."

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். பதினோரு வருஷம் அவன் சொன்னதைக் கேட்டுக்கேட்டே இந்த உடம்பைக் காப்பாற்றி வைத்திருந்தேன். அன்றைக்கும் அவன் சொன்ன ஒரு சொல்லையும் நான் தட்டவில்லை.