மாசம் முதலில்

ஈஸ்வரபாண்டிக்கு மனைவியின் முகம் மறக்கத் தொடங்கியிருந்தது. பதினாறு நாளைக்குள் மறக்குமா என்று கேட்டால், மறக்கும். வீட்டுச் சுவரில் மாலை போட்டு மாட்டியிருந்த படமே அந்த வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆதார் அட்டையிலிருந்து எடுத்துப் பெரிதாக்கிய படம். அதில் நாகஜோதி, களவு கேஸில் பிடித்துவந்து நிறுத்தியவள் போல விழித்துக்கொண்டிருந்தாள். போகிறபோதும் வருகிறபோதும் அதையே பார்த்ததில், இருபத்தேழு வருசம் கூட இருந்தவளின் முகம் எங்கோ பின்னால் போய்விட்டது.

வேறு படம் இல்லாமல் இல்லை. மகள் உமாதேவியின் கல்யாண வீடியோவில் பட்டுச்சேலையோடு விறைத்து நிற்கிறாள். அது நாகஜோதி இல்லை, மணப்பெண்ணின் தாயார். மற்றபடி யார் செல்போனை நீட்டினாலும் முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொள்கிற ஆள் அவள்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஓசூருக்குப் பஸ் ஏறும்போது உமாதேவிதான் அதைக் கேட்டாள்.

"அப்பா, கடைக் கேமராவுல அம்மா இருப்பாகல்ல? சும்மா நடந்து வர்றதை ஒரு தடவை பாக்கணும்ப்பா."

இது தனக்குத் தோன்றாமல் போனதே என்று ஈஸ்வரபாண்டி தலையில் அடித்துக்கொண்டார். அவருடைய உர மருந்துக்கடை சுருளிப்பட்டி ரோட்டில் இருந்தது. விடிகாலை ஐந்து மணிக்கே திராட்சைத் தோட்டங்களுக்குக் கிளம்பி, சாம்பல் நோய்க்கு எதை அடிக்கலாம், எத்தனை நாள் விட்டு அடிக்கலாம் என்று சொல்லிக்கொண்டு திரிவது அவர் வேலை. கடையைத் திறப்பதும் வியாபாரம் பார்ப்பதும் நாகஜோதி. போன வருசம் ஒரு பெட்டி மருந்து காணாமல் போனதிலிருந்து கேமரா ஓடிக்கொண்டிருந்தது. கம்பத்தில் கம்ப்யூட்டர் பழுது பார்க்கிற கார்த்திக்ராஜ், பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டி ஒன்றைத் தட்டிக்கொட்டி அமைத்துக் கொடுத்திருந்தான்.

அவனுக்குப் போன் போட்டார். இருக்கும் மாமா என்றான். முப்பது நாள் படத்தை மிஷின் வைத்திருக்கும், அதற்கு மேல் பழையதைத் தானே அழித்துவிடும், கடை பூட்டிக் கிடந்ததால் இப்போதைக்கு எல்லாம் அப்படியே இருக்கும். நாளை மத்தியானம் வந்து தனி டிஸ்க்கில் எடுத்துத் தருகிறேன் என்றான். நாகஜோதி போனது பிப்ரவரி பதினெட்டு. நாளை மார்ச் ஆறு. ஈஸ்வரபாண்டி விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். முப்பது நாளுக்குள் பதினைந்து நாள் நாகஜோதி மிச்சம் இருந்தாள்.

மத்தியானம் வரை பொறுத்திருந்தால் இந்தக் கதையே இல்லை. மனுசனால் முடியவில்லை. காலை ஒன்பது மணிக்கே ஷட்டரைத் தூக்கிவிட்டார்.

உள்ளே மருந்து நெடி அடைத்துக் கிடந்தது. கம்ப்யூட்டரைப் போட்டார். கேமராப் பக்கத்தைத் திறந்தால் ஒன்றுமே இல்லை, வெறும் கட்டம். அப்போதுதான் ஞாபகம் வந்தது. அந்தப் பெட்டிக்கு நாள் தெரியாது.

உள்ளே காசு அளவில் ஒரு பேட்டரி உண்டு. கம்ப்யூட்டர் அணைந்திருக்கும்போது நாளையும் மணியையும் பிடித்து வைத்திருப்பது அதுதான். அது செத்து எட்டு மாதம் ஆகியிருந்தது. அதனால் காலையில் போட்டதும் பெட்டி, 2015 ஜனவரி ஒன்று என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு எழும். தானாகச் சரிசெய்துகொள்ளக் கடையில் நெட்டும் கிடையாது. வாரத்துக்கு மூன்று தடவை கம்பத்துக்குப் போய்வருகிறவர்தான், கார்த்திக்ராஜிடம் சொல்லி அந்தப் பேட்டரியை மாற்றுகிறேன் மாற்றுகிறேன் என்று எட்டு மாதத்தை ஓட்டியிருந்தார். நாகஜோதி சண்டை போடவில்லை. சாமி படத்துக்கு ஊதுபத்தி கொளுத்திவிட்டு, கறுப்புத் திரையைத் திறந்து அது காட்டுகிற நாளைப் பார்ப்பாள். பிறகு date என்ற சொல்லுக்குப் பின்னால் பன்னிரண்டு எண்ணைச் சேர்த்து அடித்து நாளையும் மணியையும் திருத்துவாள். ஒரு நாள் அவர் கடையில் இருந்தபோது சொல்லிச் சிரித்தாள்.

"தெனமும் காலையில நமக்குப் பதினோரு வயசு கொறையுதுங்க. பேட்டரி வாங்கித் தந்து கெடுத்துறாதீக."

அவள் அடித்ததை அவர் நாலைந்து தடவை பார்த்திருக்கிறார். அந்தத் தைரியத்தில் உட்கார்ந்து, ஒற்றை விரலால் ஒவ்வொன்றாகத் தேடிக் குத்தினார். நாள் ஆறு, மாதம் மூன்று, மணி ஒன்பது பத்து, வருசம் இரண்டாயிரத்து இருபத்தாறு.

date 060309102026

பெட்டி ஒரு வரி இங்கிலீஷில் பதில் சொன்னது. ஈஸ்வரபாண்டி அதில் ஒன்பது பத்தைப் பார்த்தார், 2026ஐப் பார்த்தார், திருப்தியானார். நடுவில் ஜூன் மூன்று என்று இருந்ததை அவர் பார்க்கவில்லை.

கேமராப் பக்கத்தில் இப்போது நாட்கள் வரிசையாக வந்து நின்றன. அவர் நேராகப் பதினெட்டாம் தேதிக்குப் போனார். மூன்று மணிக்கு மேல் பார்ப்பதில்லை என்று முதலிலேயே முடிவு செய்திருந்தார். மூன்று மணிக்குத்தான் அவள் யூரியா மூட்டைமேல் சாய்ந்தது, பக்கத்து ஒர்க்ஷாப்காரர்கள் ஆட்டோவில் தூக்கிப் போட்டது எல்லாம். அவருக்குக் காலை போதும்.

வந்தாள். நீலப் பூப்போட்ட சேலை. கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு மறுபடியும் வாசலுக்குப் போய், ஷட்டர் ஓரம் இறக்கி வைத்திருந்த சாப்பாட்டுத் தூக்கை எடுத்து வருகிறாள். அதே சாய்ந்த நடை, அதே அவிழப் போகிற கொண்டை. ஆதார் படம் விழுங்கியிருந்த முகம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டது. அவள் வாசல் நிலையில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு ரோட்டைப் பார்த்து நின்றாள். யாரைப் பார்க்கிறாள் என்று அவரும் திரையை உற்றுப் பார்த்தார்.

படம் அப்படியே நின்றது. பிறகு கறுத்தது. பக்கத்தில் இருந்த நாட்களின் வரிசை மேலிருந்து ஒவ்வொன்றாகக் காணாமல் போனது. இரண்டு நிமிசத்தில் வெறும் கட்டம்தான் இருந்தது. அவர் என்னென்னவோ பொத்தானை அமுக்கிப் பார்த்தார். அணைத்துவிட்டுத் திரும்பப் போட்டுப் பார்த்தார். மத்தியானம் கார்த்திக்ராஜ் வந்து அவர் அடித்த வரியைப் பார்த்தான்.

"மாசம் மொதல்ல வரணும் மாமா. இது ஜூனுக்குப் போயிருச்சு. மூணு மாசப் பழசுன்னு நெனச்சு எல்லாத்தையும் அழிச்சிருச்சு."

மாசம் முதலில். ஈஸ்வரபாண்டிக்கு அந்தச் சொல் புதிதில்லை. "மாசம் மொதல்லங்க, அப்புறந்தான் நாளு. நான் ஒரு நா இல்லாட்டி நீங்கதான அடிக்கணும், மறந்துறாதீக" என்று அவள் சொன்னபோது அவர் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார். மாசத்தை முதலில் எழுதுகிற கிறுக்கன் எந்த ஊரில் இருக்கிறான் என்று கேட்டு அவளைச் சிரிக்க வைத்தார். முப்பது வருசமாகப் பில்லில் நாளை முதலில் எழுதிப் பழகிய கை அது. அந்தக் கைதான் தன் பெண்டாட்டியை இரண்டாம் தடவை கொன்றது என்று அன்றைக்கு அவர் நினைத்தார். அப்படி நினைக்காதே என்று சொல்லவும் பக்கத்தில் ஆள் இல்லை.

படம் இருந்த டிஸ்க்கை மட்டும் கழற்றிக்கொண்டு போன கார்த்திக்ராஜ் நான்கு நாள் கழித்து வந்தான். எவ்வளவோ முயன்றும் சாம்பல் நிறத் துண்டுகளாகத்தான் கிடைத்தது, ஆள் யாரும் தெரியவில்லை என்றான். சொல்லும்போது அவன் ஈஸ்வரபாண்டியின் முகத்தைப் பார்க்கவில்லை. கூடவே புதுப் பேட்டரி ஒன்றும் வாங்கி வந்திருந்தான். டிஸ்க்கை மாட்டி, பெட்டியைப் போட்டு, கறுப்புத் திரையைத் திறந்தான்.

"அக்கா தெனமும் முழுசா அடிக்க மாட்டாக மாமா. நாந்தான் சொல்லிக்குடுத்தேன். இந்த மேல் அம்பை அமுக்குனா முந்தி அடிச்சது வரும். நாளையும் மணியையும் மட்டும் மாத்திக்கிடுவாக."

அமுக்கிக் காட்டினான். முதலில் ஈஸ்வரபாண்டி அடித்த வரி வந்தது. அதற்கு மேலே அவள் வரி. மாசம் முதலில், 0218. அன்றைக்கு ஒரே ஒரு தடவை அந்த அம்பை அமுக்கியிருந்தால் போதும்.

பேட்டரியை மாட்டட்டுமா என்று கார்த்திக்ராஜ் கேட்டான். இருக்கட்டும்ப்பா, அப்புறம் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பிவைத்தார். அவன் வண்டிச் சத்தம் ரோட்டில் போய் மறைந்த பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுத் திரையின் முன்னால் உட்கார்ந்தார்.

date 021809422026

பிப்ரவரி பதினெட்டு, ஒன்பது நாற்பத்திரண்டு. ஈஸ்வரபாண்டி நெற்றியைச் சுருக்கினார். எட்டே காலுக்குக் கடை திறக்கிறவள் அவள். வீட்டிலிருந்து எட்டு நிமிச நடை, கொஞ்சம் மேடு. மேல் அம்பை அமுக்கினார். பதினேழாம் தேதி, ஒன்பது முப்பத்தொன்று. பதினாறு, ஒன்பது இருபத்தாறு. பதினான்கு, ஒன்பது பத்து. பன்னிரண்டு, எட்டு ஐம்பத்தைந்து.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டது அப்போது ஞாபகம் வந்தது. கொஞ்ச நாளாகவே நடந்தால் மூச்சு வாங்கியிருக்குமே, நீங்கள் கவனிக்கவில்லையா என்று. அவருக்குக் கோபம்கூட வந்தது. கல்லு மாதிரி இருந்தா சார், ஒரு நாள் படுத்தவ இல்ல என்று வாதாடினார். ஐந்து மணிக்கே வீட்டை விட்டுக் கிளம்புகிறவருக்கு, அவள் எந்த இடத்தில் நின்றாள், எந்த மதிலைப் பிடித்துக்கொண்டாள் என்று எப்படித் தெரியும்? அவளும் சொல்லவில்லை. வாசல் நிலையில் கையை ஊன்றி அவள் ரோட்டில் யாரையும் பார்க்கவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றிருக்கிறாள்.

எட்டு நிமிச மேடு அவளுக்கு நாளுக்கு நாள் நீண்டுகொண்டே போனதை இந்தப் பெட்டி மட்டும் குறித்து வைத்திருந்தது. அவர் வாய்விட்டு அழுதார்.

போன் அடித்தது, உமாதேவி. கிடைத்ததா என்று கேட்பாள். அதை அடிக்க விட்டுவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் மேல் அம்பை அமுக்கினார். எட்டு நாற்பத்தெட்டு. எட்டு நாற்பது. எட்டு முப்பத்திரண்டு. அமுக்க அமுக்க அவளுக்கு உடம்பு தேறிக்கொண்டு வந்தது. ஜனவரி கடைசியில் எட்டு இருபது. பொங்கலுக்கு மறு வாரம் எட்டு பதினைந்து. அதற்கு மேலே எல்லா நாளும் எட்டு பதினைந்து, எட்டு பன்னிரண்டு, எட்டு பதினான்கு. மூச்சு வாங்காமல், தூக்கை வீசிக்கொண்டு, மேட்டில் விறுவிறு என்று ஏறி வந்துகொண்டிருந்தாள்.

யாரோ கடை வாசலில் வந்து மயில்துத்தம் இருக்கிறதா என்று கேட்டார்கள். ஈஸ்வரபாண்டி திரும்பவில்லை. விரலை மேல் அம்பிலேயே வைத்திருந்தார். அதற்கு அடியிலேயே கீழ் அம்பும் இருந்தது. அதன் பக்கம் மட்டும் அவர் கையைக் கொண்டுபோகவே இல்லை.