சகலை வீட்டுப் புகை

பல் கட்டுபவரின் புகையிலைச் சுங்கானிலிருந்து கிளம்பிய புகை மேலே போகவில்லை. படியிறங்கித் தெருவோடு நடந்து, தையற்கடை முனையில் திரும்பி, அவருடைய சகலையான கண்ணாடிக்காரரின் வீட்டுக்குள் ஜன்னல் வழியாக நுழைந்து நின்றது. வெயில் தாழ்ந்ததும் தினமும் வந்தது. மழை நாட்களில் கடைகளின் கூரையோரமாக ஒதுங்கி வந்தது, அவ்வளவுதான் வித்தியாசம். ஆரம்பத்தில் தெருவில் இதைப் பற்றிப் பேசினார்கள். அப்புறம் வெங்காய விலை ஏறியதால் அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. சைக்கிள்காரர்கள் மணியடித்தால் புகை ஓரம் கட்டி வழிவிட்டது.

கண்ணாடிக்காரர் ஜன்னல்களுக்குக் கண்ணாடி அறுத்துப் பொருத்துகிறவர். அக்காவை மணந்தவர் அவர், தங்கையை மணந்தவர் பல் கட்டுபவர். பொய்ப்பல் செட் செய்து பிழைக்கிற அந்த மனிதருக்கு வாய் ஓயாது. மாமனார் வீட்டுக்கு அவர் போனால் ஆளுக்கொரு பக்கம் நாற்காலி இழுத்துப் போடுவார்கள், சிரிப்புச் சத்தம் வாசல் வரை கேட்கும். கண்ணாடிக்காரர் போனால், "மாடியில ஒரு கண்ணாடி விரிசல் விட்டிருக்கு, வந்ததுதான் வந்தீங்க, பார்த்துடுங்களேன்" என்பார்கள். வருடக்கணக்காக அவர் அந்த வீட்டு மாடியைத்தான் பார்த்திருக்கிறார். இந்த லட்சணத்தில், செட் கட்டிக்கொண்ட ஒரு லாரி டிரைவர் சந்தோஷத்தில் சகலைக்கு ஒரு சுங்கானைக் கொடுத்துவிட்டுப் போனார். மணிகளை உதிர்த்த மக்காச்சோளச் சக்கையைக் குடைந்து செய்தது. அதை வாயில் வைத்ததும் பல் கட்டுபவர் பார்க்கவும் லட்சணமாகிவிட்டார், அதுதான் கண்ணாடிக்காரருக்குப் பொறுக்கவில்லை.

வேலை முடிந்து வந்ததும் அவரும் மனைவியும் ஜன்னலோரம் எதிரெதிரே நாற்காலி போட்டு, அதிகம் பேசாமல் உட்கார்ந்திருப்பது வழக்கம். புகை வந்து அவருடைய நாற்காலிக்குப் பின்னால் தோள் உயரத்தில் நிற்கும். அங்கே நின்று பார்த்தால் எதிரே இருப்பது யார்? அவருடைய மனைவி. கண்ணாடிக்காரருக்கு வயிறு எரிந்தது. புகைக்கு ஏது கண் என்று அவள் சொன்னாள். அப்படியானால் புகை வருகிற நேரத்துக்கு நீ எதற்குத் தலை வாரிக்கொள்கிறாய் என்று கேட்க நினைத்தார். ஜன்னல் விளிம்பெல்லாம், கண்ணாடி பதிக்கிற மக்குப் பசை வைத்து அடைத்தார். புகை சாவித் துவாரம் வழியே வந்தது. அதையும் அடைத்தபோது சமையலறைத் தண்ணீர்க் குழாய் வழியாக ஏறி, கொஞ்சம் ஈரமாக வந்து தன் இடத்தில் நின்றது. அவள் ஒரு துணியை எடுத்து அதன் அடியில் சொட்டிய தண்ணீரைத் துடைத்துவிட்டாள். அந்தக் கரிசனத்தைப் பார்த்த மறுநாள்தான், தொழிலுக்கு வந்த நாள் முதல் நடக்காத விஷயமாக, அவர் ஒரு கண்ணாடியை அளவு குறைத்து அறுத்தார்.

தனக்கும் ஒரு புகை வேண்டும், அது மனைவிக்கு முன்னால் போய் மறைத்துக்கொண்டு நிற்க வேண்டும் என்று முடிவு செய்தார். அடைத்த மக்கையெல்லாம் சுரண்டி எடுத்து ஜன்னலைத் திறந்துவிட்டார். சகலையிடம் போய் இரவல் கேட்பதற்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். மனைவி வேகவைத்த சோளக்கதிரைத் தின்றுவிட்டு, சக்கையைக் காயவைத்து, முகம் பார்க்கும் கண்ணாடியில் ஓட்டை போடுகிற துரப்பணத்தால் குடைந்து, நாணல் குழல் ஒன்றைச் செருகினார். கை பழகின தோஷம், புகையிலையை மக்கு அடைக்கிற மாதிரி கட்டைவிரலால் அழுத்தி அழுத்தி அடைத்து, மேலே வழித்தும் விட்டார். காற்றே ஏறவில்லை. கன்னம் ஒட்ட ஒட்ட இழுத்தார். தீக்குச்சிகள் எரிந்தன, சக்கையின் விளிம்பு கருகிற்று, நாக்கு வெந்தது. கசப்பான சாறு தொண்டையில் இறங்கிக் கண்ணில் நீர் முட்டிய பிறகுதான் புகை வந்தது.

மனைவி நிமிர்ந்து உட்கார்ந்து, நெற்றி முடியை ஒதுக்கிக்கொண்டாள். புகை அவளைச் சுற்றிக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே போயிற்று.

கண்ணாடிக்காரர் பின்னாலேயே ஓடினார். தையற்கடை முனையில் எதிரே வந்த சகலையின் புகைக்கு இவருடைய புகை ஒதுங்கி வழிவிட்டு, நேராகச் சகலை வீட்டுப் படியேறி, பல் கட்டுபவரின் நாற்காலிக்குப் பின்னால் நின்றது. பல் கட்டுபவர் அதைத் திரும்பிப் பார்த்தார். சுங்கானை வாயிலிருந்து எடுத்துவிட்டுச் சொன்னார்.

"யார் மேல பொறாமையோ அவங்ககிட்டதான் போகும், அண்ணே. எனக்கு முதல் நாளே தெரியும். வெட்கமா இருந்துச்சு, சொல்லல."

என்மேல் உனக்கு என்ன பொறாமை என்று கண்ணாடிக்காரர் கேட்டார்.

"நீங்க வாயைத் திறக்காமலே இருக்கீங்க, அண்ணியும் எழுந்து போகாம உட்கார்ந்திருக்காங்க. நான் பேச்சை நிறுத்தினா இந்த வீட்ல ஒருத்தர் இருக்க மாட்டாங்க."

பாரம் இறங்கினவராக வீடு திரும்பிய கண்ணாடிக்காரர், நல்ல செய்தி கொண்டுவந்தவர் போல ஒன்று விடாமல் மனைவியிடம் சொன்னார். அவள் முழுவதையும் கேட்டாள்.

"அப்போ அவர் புகையும் உங்களைப் பார்க்கத்தான் வந்திருக்கு. உங்க புகையும் அவரைப் பார்க்கத்தான் போயிருக்கு. நான்தான் தினமும் தலை வாரிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன்."

அவள் சுங்கானை வாங்கி, அடைத்ததையெல்லாம் தட்டி வெளியே எடுத்து, உப்புப் போடுகிற மாதிரி விரல் நுனியால் புகையிலையைத் தளர்வாகத் தூவி, ஒரே குச்சியில் பற்றவைத்தாள். இருமல்கூட இல்லை. அவளுடைய புகை ஜன்னல் வரை போயிற்று. தெருவின் இரு பக்கமும் எட்டிப் பார்த்தது. பொறாமைப்பட யாரும் அகப்படாததால் திரும்பி வந்து அவள் மடியிலேயே உட்கார்ந்துகொண்டது. அவள் அதன்மேல் கையை வைத்துக்கொண்டு சாய்ந்தாள். இப்படி நிம்மதியாக ஒருத்தியால் இருக்க முடியுமா என்று கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டே இருந்தார். பார்க்கப் பார்க்க நெஞ்சு எரிந்தது.

மறுநாள் அவர் பற்றவைத்த புகை சகலை வீட்டுக்குப் போகவில்லை. நேராக மனைவியின் நாற்காலிக்குப் பின்னால் போய் நின்றது. அவள் திரும்பிப் பார்த்துவிட்டு, அது நிற்பதற்கு வசதியாக நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் நகர்த்திப் போட்டுக்கொண்டாள்.