பன்னிரண்டு நாள் தேன்

என் தங்கைக்குப் பஸ் ஓட்டும் வேலை கிடைத்தது. அதே வாரம் முகத்தில் ஐந்து பருக்களும் வந்தன.

வீட்டில் வேலையைவிடப் பருக்களைப் பற்றித்தான் அதிகம் பேச்சு. காரணம் இருந்தது. ஒவ்வொரு டிரைவரின் படமும் பெரிதாக அச்சிடப்பட்டு, இருக்கைக்குப் பின்னால் பயணிகள் கண்ணில் படும்படி தொங்க வேண்டும் என்பது டிப்போவின் விதி. படத்தை டிப்போ கிளார்க்கே எடுப்பார். வெளியில் எடுத்தது செல்லாது. ஒரு முறை எடுத்தால் பத்து வருடத்துக்கு மாற்ற மாட்டார்கள்.

"பத்து வருஷம்ணா," என்றாள். "நின்னுக்கிட்டு வர்றவனுக்கு வேற என்ன வேலை? ஒண்ணு, ரெண்டுன்னு எண்ணிக்கிட்டே வருவான்."

நான் போட்டோ ஸ்டூடியோவில் படங்களைத் திருத்துகிறவன். ஒரு நாளைக்கு நாற்பது முகங்கள். ஒரு பருவை அழிக்க நான்கு வினாடி போதும். இந்த ஊரில் பாதிப் பேர் என்னால்தான் பார்க்கும்படி இருக்கிறார்கள் என்பார் முதலாளி. சொந்தத் தங்கையின் முகத்துக்கு மட்டும் என்னால் ஒன்றும் செய்ய முடியாது. அது எனக்கே வேடிக்கையாக இருந்தது. எட்டு மாதத்தில் வேடிக்கையாகத் தோன்றிய முதல் விஷயம்.

எட்டு மாதத்துக்கு முன் என் மனைவி இறந்தாள். என்னைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லி இரண்டு பெட்டியோடு வந்தாள் தங்கை. திரும்பிப் போகவில்லை.

படம் எடுக்கப் பதினைந்து நாள் இருந்தது. கடை க்ரீம் எதுவும் கூடாது என்றாள். முன்பு ஒன்றைப் போட்டுக் கன்னம் உரிந்திருக்கிறது. சமையலறையில் இருப்பதை வைத்தே சரிசெய்வதாகத் தீர்மானம். முதல் நாள் எலுமிச்சைச் சாறு. அன்று எங்கள் தெருவில் கேட்ட ஒரே சத்தம் அவளுடையதுதான். இரண்டாம் நாள் பூண்டு. சோபாவுக்கு மூன்று நாள் அந்த வாசனை. மூன்றாம் நாள் பற்பசை. அது மேல் வீட்டு அக்காவின் யோசனை. அவர் பல் டாக்டரிடம் வேலை பார்க்கிறார். சுவரில் எறும்பு ஏறுகிறது என்று சொன்னபோதும் அதையேதான் சொன்னார்.

பற்பசையைக் கழுவியபோது ஐந்து பருக்களும் அப்படியே இருந்தன. ஒவ்வொன்றையும் சுற்றி ஒரு சிவப்பு வட்டம்.

"முன்னாடி தேடணும். இப்ப அடையாளம் போட்டு வச்சிருக்கு," என்றேன்.

துண்டு பறந்து வந்தது.

அதன் பிறகு திட்டத்தை நான் எடுத்துக்கொண்டேன். இனி ஒரே மருந்து, தேன். காலையும் மாலையும் இருபது நிமிடம். வெதுவெதுப்பான நீரில் கழுவ வேண்டும். தலையணை உறையைத் தினமும் மாற்ற வேண்டும். முகத்தில் கை படக் கூடாது. கடைசி விதிதான் கஷ்டம். கண்ணாடியைக் கண்டால் அவள் கை கன்னத்துக்குப் போகும். போனால் கிள்ளாமல் திரும்பாது. ஆகவே வீட்டில் இருந்த மூன்று கண்ணாடிகளையும் செய்தித்தாளில் பொதிந்து ஒட்டினோம். தன் போனின் முன்பக்கக் கேமராவில் அவளே பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டாள். தேனைக் கரண்டியின் பின்புறத்தால் தடவினாள்.

கண்ணாடி இல்லாதது எனக்கு வசதியாகத்தான் இருந்தது. தடவிப் பார்த்தே சவரம் செய்துகொண்டேன்.

முன்னேற்றத்தை அவள் எப்படித் தெரிந்துகொள்வது? தினமும் மாலையில் சமையலறைச் சுவர் முன் நிறுத்தி நான் ஒரு படம் எடுப்பேன். மறுநாள் ஸ்டூடியோவில் அச்சுப் போட்டு வந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டுவேன். முதல் படத்தில் ஐந்து. மூன்றாவதில் நான்கு. ஆறாவதில் இரண்டு. பத்தாவதில் மூக்கோரம் ஒன்று. பன்னிரண்டாவதில் ஒன்றுமில்லை.

மேல் வீட்டு அக்கா வரும்போதெல்லாம் தங்கை முகம் நிறையத் தேனோடு இருப்பாள். அக்கா ஃப்ரிட்ஜைப் பார்த்துவிட்டுப் போவார். பத்தாம் நாள் பற்பசையைக் கைவிட்டுத் தேனுக்கு மாறினார். பல் டாக்டரே ஒரு பாட்டில் வாங்கியிருப்பதாகச் சொன்னார். ஒரு பல் டாக்டர் தேன் வாங்குவதை நான் அப்போதுதான் கேள்விப்பட்டேன்.

வெள்ளிக்கிழமை லீவு போட்டு அவளுடன் டிப்போவுக்குப் போனேன். கிளார்க் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதுவரை அவளுக்கு ஒதுக்கிய பஸ்ஸில் உட்கார்ந்து பழகச் சொன்னார். டிரைவர் ஏறியதும் செய்ய வேண்டிய முதல் வேலை கண்ணாடிகளைச் சரிசெய்வது. அந்த பஸ்ஸில் ஆறு. நான் கீழே நின்றேன். வெளிக் கண்ணாடிகளை முடித்துவிட்டு, தலைக்கு மேலிருந்ததைத் திருப்பினாள். கை அப்படியே நின்றது.

"அண்ணா, மேல வா. இந்தக் கண்ணாடியில ஏதோ கோளாறு."

ஏறிப் பார்த்தேன். கண்ணாடியில் கோளாறு இல்லை. ஐந்தும் இருந்தன. நெற்றியில் புதிதாக இரண்டு. அவள் பையிலிருந்து பன்னிரண்டாவது படத்தை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்தாள்.

நான் என் வலது கையைப் பார்த்தேன்.

ஏழு வருடப் பழக்கம். திரையில் ஒரு முகம் வந்தால் கை வேலையை ஆரம்பித்துவிடும். முதல் நாள் கவனமாக இருந்தேன். அதன் பிறகு நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்திருப்பேன், கை அழித்துக்கொண்டிருந்திருக்கும். ஒரு நாள் ஒன்று, இன்னொரு நாள் ஒன்று. தேனுக்குக் கிடைத்த பெயர் முழுக்க என் ஆள்காட்டி விரல் சம்பாதித்தது.

அவளிடம் சொன்னேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"சரி, கை பண்ணிச்சு," என்றாள். "கண்ணு எங்க போச்சு? தினம் உன் எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டேன்?"

நான் தட்டைப் பார்த்துத்தான் சாப்பிடுவேன். எட்டு மாதமாக அப்படித்தான்.

"ஒரு தடவகூடப் பாக்கல, இல்ல?"

"இல்ல."

"இப்பப் பாரு."

பார்த்தேன். ஏழு பருக்கள். கண்ணுக்குக் கீழே கறுப்பு. முன்பு அவளுக்கு அது கிடையாது. சரியாகத் தூங்கி எத்தனை நாளாயிற்றோ.

"எண்ணிட்டியா?"

"ஏழு."

"தாடையில ஒண்ணு வந்துக்கிட்டிருக்கு. எட்டுன்னு வச்சுக்க."

நான் கிளார்க்கிடம் போய் இரண்டு வாரம் தள்ளிப்போட முடியுமா என்று கேட்டேன். அவர் கை துடைத்துக்கொண்டே பதில் சொன்னார். இப்படித்தான் ஒருவர் தலையில் முடி முளைக்கட்டும் என்று நாள் கேட்டாராம். இரண்டு வருடமாகிறது. முடியும் வரவில்லை, அவரும் வரவில்லை. படம் இல்லையென்றால் திங்கட்கிழமை பஸ் வேறொருவருக்குப் போகும்.

எனக்குப் பின்னாலேயே வந்த தங்கை நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டாள். பருக்கள் தெரியாதபடி விளக்கைத் திருப்பிவைக்க நான் கையை நீட்டினேன். அவள் என் கையைப் பார்த்தாள். எடுத்துக்கொண்டேன்.

சிரிக்கக் கூடாது என்றார் கிளார்க். அவள் என்னைப் பார்த்துவிட்டாள். பாதிச் சிரிப்போடு படம் விழுந்தது.

லீவு என்றாலும் அன்று மாலை ஸ்டூடியோவுக்குப் போய் மூலப் படங்களைத் திறந்தேன். பன்னிரண்டில் ஒன்றில்கூட ஐந்துக்குக் குறைவில்லை. பிறகு இன்னொரு பழைய படத்தையும் திறந்தேன். எங்கள் கூடத்தில் சட்டம் போட்டு மாட்டியிருக்கும் என் மனைவியின் படத்துக்கு மூலம். தாடையில் ஒரு பரு இருந்தது. அந்த வாரம் முழுக்க அவள் அதைப் பற்றியே புலம்பியது நினைவுக்கு வந்தது. சட்டத்துக்குள் இருப்பவளுக்கு அது இல்லை. வலது கையை மேஜைக்கு அடியில் வைத்துக்கொண்டு, இடது கையால் அந்த மூலத்தை அச்சுக்குக் கொடுத்தேன்.

வீட்டுக் கண்ணாடிகளில் ஒட்டிய தாளை மறுநாள் கிழித்தோம். என் தாடையில் ஒரு பக்கம் இரண்டு வாரமாகச் சவரமே ஆகவில்லை. "நானும் சொல்லல பாத்தியா," என்றாள் தங்கை.

இரண்டு மாதத்தில் பருக்கள் தாமாகவே போய்விட்டன. தேன்தான் மெதுவாக வேலை செய்தது என்கிறார் மேல் வீட்டு அக்கா. போன வாரம் தங்கையின் பஸ்ஸில் போனேன். நெரிசல். வழியில் ஏறிய பரிசோதகர் படத்தைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், மறுபடி படத்தைப் பார்த்தார்.

"இது யாரும்மா?"

"நான்தான் சார். எங்கண்ணன் கை வைக்காத படம்."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. இறங்கிப் போய்விட்டார். உட்கார இடம் கிடைக்காமல் படத்துக்கு எதிரே நின்றுகொண்டு வந்த நான், ஏழு வரை எண்ணிவிட்டு எட்டாவதைத் தேடிக்கொண்டிருந்தேன்.