அப்பாவின் முழங்கால் மாத்திரை

அப்பா லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஊரையே மேலே ஏற்றி இறக்கியவருக்குக் குடியிருக்க வாய்த்தது லிஃப்ட் இல்லாத மூன்றாவது மாடி. முழங்கால் வலி வந்ததும் படி இறங்குவதையே விட்டுவிட்டார்.

பக்கத்துக் கடையில் வாங்கிய மூலிகை மாத்திரை அவரை எழுப்பி நிறுத்தியது. தானாகவே கீழே போய் முடி வெட்டிக்கொண்டு வந்தார். முகம் பூரித்தது. பார்த்தவர்களெல்லாம், "என்ன, பத்து வயசு குறைஞ்சிட்டீங்க!" என்றார்கள். துணிக்கடையில் அளவு திருத்தித் தைக்கும் மகள், சந்தோஷமாக அவர் சட்டைக் கழுத்தைத் தளர்த்தித் தைத்தாள். பிறகுதான் கால் வீங்கியது. ஓயாத தாகம். காலில் பட்ட கீறல் ஆறவே இல்லை.

டாக்டர் அந்த உப்பிய முகத்தைப் பார்த்ததுமே கேட்டார்: "என்ன மருந்து சாப்பிடுறீங்க?"

"மருந்தெல்லாம் இல்ல டாக்டர். வெறும் மூலிகை."

டப்பாவில் ஐந்து வேர்களின் பெயர் இருந்தது. 'பக்கவிளைவு அற்றது' என்றும் போட்டிருந்தது. பரிசோதனைக்கூடத்துக்கு அனுப்பியதில் ஒரே ஒரு வேர்தான் தேறியது, அதுவும் பேருக்கு. வலியை அடக்கியதும் சர்க்கரையை ஏற்றியதும் டப்பாவில் எங்கேயும் எழுதாத ஸ்டீராய்டு.

"சட்டுனு நிறுத்தினா ஆபத்து. நான் சொல்ற மாதிரி கொஞ்சம் கொஞ்சமாத்தான் குறைக்கணும்," என்றார் டாக்டர்.

மகள் கடைக்காரரிடம் போனாள். "நான் என்னம்மா பண்ணுவேன்? வர்றத விக்கிறேன்," என்றார். கம்பெனிக்குப் போன் போட்டால், அது போலிச் சரக்காக இருக்கும் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்கள். லீவு போட்டு அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்குப் போனாள்.

"இது மருந்து இல்லம்மா, உணவுன்னு போட்டிருக்கு. அடுத்த கட்டடம்."

அடுத்த கட்டடத்தில், "உள்ள மருந்து இருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்போ அந்தக் கட்டடம்தான்."

"அப்போ எங்கப்பாவ ரெண்டு கட்டடத்துக்கும் நடுவுல உக்கார வெக்கட்டுமா?" அவள் போட்ட சத்தத்தில் யாரோ மனுவை வாங்கிக்கொண்டார்கள். ரொம்ப நாள் கழித்துப் பதில் வந்தது: அந்தச் சரக்கு இப்போது விற்பனையில் இல்லையாம். அன்றைக்கே கடையில் பார்த்தாள். அதே டப்பா, புது லேபிள். இப்போது ஏழு வேர்.

வீட்டில், மாத்திரையைக் குறைக்கக் குறைக்க வலி பழையபடி திரும்பியிருந்தது. அப்பாவின் கோபம் கம்பெனி மேல் இல்லை, அவள் மேல்தான்.

"நல்லா நடந்துட்டிருந்தவன முடக்கிப் போட்டுட்டியே!"

"அதுல வேரே இல்லப்பா. எல்லாம் ஏமாத்து."

"வேர் இல்லாமதான் வலி போச்சா?"

"அது ஸ்டீராய்டு. உங்க சர்க்கரை எங்க போய் நின்னுச்சு, பாத்தீங்கல்ல?"

அப்பா கொஞ்சம் யோசித்தார். "அப்போ அதையே தனியா வாங்கிக் குடு. டப்பா வேண்டாம்."

அவளுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம் போல இருந்தது. "முடியாதுப்பா," என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் முழங்காலுக்குப் பயிற்சி சொல்லித்தர ஒரு பெண் வந்தாள். "காலை நீட்டுங்க ஐயா," என்றாள். அப்பா சுவர்ப்பக்கமாகத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.