பத்தொன்பது கிலோ போன்

உயர்தரப் பரீட்சைக்கு இருபத்திரண்டு நாள் இருக்கையில், ஹுன்னஸ்கிரிய தேயிலைத் தோட்டத்து நிஷாந்தினியின் போன் பத்தொன்பது கிலோ கனத்தது. அன்று வேறு விசேஷம் ஒன்றுமில்லை. தேங்காய் விலைகூட ஏறவில்லை. வரிசை வீடுகளான லயத்தில் சிக்னல் கிடையாது, தண்ணித் தாங்கி மேட்டில் ஏறினால்தான் வரும். அங்கே அட்டைக்கடி வாங்கிக்கொண்டு நின்று, காசு கட்டிச் சேர்ந்த இரசாயனவியல் வகுப்பின் வீடியோக்களைப் போனில் சேமித்து, வீட்டுக்கு வந்து படிப்பது அவள் வழக்கம். சேமிக்கக் கூடாது என்பது வகுப்புக் கம்பனியின் நிபந்தனை. சேரும்போது அவள் ஓகே அமுக்கிய நிபந்தனைப் பட்டியலின் நாற்பத்தோராம் பக்கத்தில் அது இருந்தது. யாரும் வாசிக்காத அந்தப் பக்கத்தை, அந்த வாரம் அப்டேட் ஆன போனின் பிரவுசர் வாசித்துவிட்டது. வாசித்ததோடு விடாமல் அமல்படுத்தவும் தொடங்கியது. அவள் சேமிக்கப் போன மறுகணம் போன் கனத்து, கையை விட்டு நழுவிச் சேற்றில் புதைந்தது.

"நீ எங்க வீட்டுப் போனா, கம்பனிக்குக் காவல் நிக்கிற வாச்சரா?" என்று கேட்டாள். போன் வாயைத் திறக்கவில்லை. அதற்கும் ஒரு நிபந்தனை இருந்திருக்கலாம்.

வத்தேகம போன் கடைக்குக் கொண்டுபோகலாமென்றால், எடை தெரியாத சாமானை ஏற்றமாட்டேன் என்றார் பஸ் கண்டக்டர். ஆகவே அவளும் அம்மா ரத்தினம்மாவும் அதைச் சாக்கில் தூக்கிக் கொழுந்து நிறுக்கும் கொட்டிலுக்குப் போனார்கள். கணக்கப்பிள்ளை கணேஸ் கதையைக் கேட்டுக்கொண்டே நிறுத்துப் பார்த்தார்.

"ஓகேன்னு அமுக்கினது நீதானே புள்ள?"

"நான்தாங்க. தப்புன்னா கம்பனி வந்து என்கிட்ட கேக்கட்டும். என் போனே ஏன் என்னையப் புடிச்சுக் குடுக்கணும்?"

சாக்குக்கு ஒரு கிலோ, ஈரத்துக்கு இரண்டு கிலோ என்று இருபத்தாறு வருஷம் தன் கொழுந்தில் கழிபட்டதைப் பார்த்துநின்ற ரத்தினம்மா இடுப்பில் கை வைத்தாள். "எலையில இருக்குற தண்ணி கொழுந்து இல்லன்னுதானே ஐயா தெனமும் கழிக்கிறீங்க? போனுக்குள்ள இருக்குற கம்பனிச் சட்டமும் போன் இல்ல. கழிங்க!"

கழிப்பதென்றால் கணேஸுக்குக் கை தானாகப் போகும். கழித்தார். தராசு முள் துள்ளி நூற்றெண்பது கிராமில் நின்றது. அன்று மாலையே நிஷாந்தினி தாங்கி மேட்டில் பதினொரு வீடியோ சேமித்தாள்.

கழிபட்ட எடை பல்லேகலவிலுள்ள வகுப்புக் கம்பனியின் இரும்புக் கேட்டில் போய் ஏறிக்கொண்டது. தள்ளித் திறக்க அவர்கள் கூடுதலாக ஒரு வாச்சரைச் சம்பளத்துக்குப் போட்டார்கள். தங்கள் கேட்டைத் தாங்களே காப்பதில் அவர்களுக்கும் ஆட்சேபனை இல்லை. நிஷாந்தினிக்கு இரசாயனவியலில் பி வந்தது. இப்போது சனிக்கிழமைகளில் கொழுந்து நிறுத்து முடிந்ததும் போன்கள் நிறுக்கப்படுகின்றன. வத்தேகமவிலிருந்துகூட ஆட்கள் வருகிறார்கள். மழை நாளென்றால் கணேஸ் பழக்கதோஷத்தில் ஈரத்துக்கும் இரண்டு கிலோ கழித்துவிடுகிறார். அந்தப் போன்கள் மிதக்கும். அவற்றைக் கயிறு கட்டிப் பிடித்தபடி எல்லோரும் பஸ்ஸுக்கு நிற்கிறார்கள். கண்டக்டரும் ஏற்றிக்கொள்கிறார்.