மோதிரவிரல் துளை

கோல்மனின் வலது மோதிரவிரலில் நுனிக்கணு கிடையாது. கல்குவாரியில் பலகைக்கல் சரிந்தபோது கல்லோடு போயிற்று. குவாரி வேலைக்கு அந்த நுனி பெரிதாகத் தேவைப்படவில்லை. காயம் ஆறியதும் பழையபடி கல் தூக்கப் போய்விட்டான். குழல் ஊதத்தான் முடியவில்லை. கடைசித் துளை அந்த விரலுக்கு உரியது. அதை மூடாமல் அடிச்சுரம் வராது. அயர்லாந்தின் கிளேர் கடற்கரை முழுக்க அவனுக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்த அடிச்சுரம்தான்.

ஹீகியின் மதுக்கடையில் கணப்பை ஒட்டிய நாற்காலி அவனுடையது. ஞாயிறு சாயங்காலம் அதில் உட்காருகிறவன் மெட்டை எடுப்பான். மற்றவர்கள் பின்னால் சேர்ந்துகொள்வார்கள். விபத்துக்குப் பிறகு அதில் மாலகி உட்கார்ந்தான். அந்தப் பக்கத்தில் பாதிப் பேர் ஊதும் குழல்கள் மாலகி கடைந்தவை. முன்பெல்லாம் மாலகி ஒரு மெட்டை எடுத்தால் போதும், கோல்மன் குழலை மடியில் கிடத்திவிட்டு பீரைக் கையில் எடுப்பான். "கடையறது உன் வேலை, ஊதறது என் வேலை. என் வேலையில கை வைக்காத" என்பான். கடை சிரிக்கும். மாலகியும் சேர்ந்து சிரித்துத் தொலைப்பான்.

அந்தக் கோல்மன் ஒருநாள் பட்டறை வாசலில் வந்து நின்றான்.

"இந்த மொட்டை விரலுக்கு எட்டற மாதிரி ஒண்ணு செஞ்சு தருவியா? இது இல்லாம நான் வெறும் கல்லு தூக்கற கழுதைடா."

"முன்னாடி மட்டும் என்னவாம்? கையக் காட்டு."

மொட்டை நுனியைத் தேன்மெழுகில் அழுத்தி அச்செடுத்தான் மாலகி. கருங்காலியைக் கடைந்து, கடைசித் துளையை உள்ளங்கைப் பக்கமாகத் தள்ளிப் போட்டான். முடித்ததும் தன் விரலின் நடுக்கணுவால் அதை மூடி ஊதிப் பார்த்தான். ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. அப்படி ஒரு குழல் அவன் கையிலிருந்து அதுவரை வந்ததில்லை. குழலை மடியில் கிடத்தினான். பிறகு கத்தியை எடுத்து, துளையின் வெளிவிளிம்பில் ஒரு மயிரிழை சீவினான். முழு விரலுக்கு அது ஒன்றுமில்லை. மொட்டை விரலுக்கு அதுவே மூட முடியாத கிணறு. சீவிய இடம் தெரியாமல் எண்ணெய் தடவினான்.

ஞாயிற்றுக்கிழமை மாலகியே எழுந்து நாற்காலியைக் காலி செய்து கொடுத்தான். நல்ல மனுஷன் என்றார்கள். கோல்மன் மெட்டை எடுத்தான். மேலே எல்லாம் சரி. அடிச்சுரத்துக்கு இறங்கும்போதெல்லாம் குழல், ஓட்டை டயர் மாதிரி புஸ்ஸென்றது. விரலை அழுத்தினான். நரம்பு புடைத்தது. மறுபடி புஸ். பிடில்காரி பிரீடா வில்லைத் தாழ்த்தி, அதில் ஏதோ அழுக்கு இருப்பதுபோலத் துடைக்க ஆரம்பித்தாள். மற்றவர்களும் ஒவ்வொருவராக நிறுத்தினார்கள்.

"குழல்ல ஏதாச்சும்..." என்றான் கோல்மன்.

"குடு பாப்போம்."

மாலகி கணப்பருகே வந்து குழலை வாங்கி, நடுக்கணுவால் மூடி ஊதினான். அடிச்சுரம் தரைப்பலகை வரை இறங்கியது.

"அப்ப குழல்ல ஒண்ணும் இல்ல" என்றாள் பிரீடா, கோல்மனைப் பார்க்காமல்.

"இல்ல. என் கைதான்." கோல்மன் அந்த விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எலும்பு முட்டிக்கிட்டு நிக்குது, அதான் சதை அமுங்க மாட்டேங்குது. இன்னொரு தடவை வெட்டி எலும்பைக் குறைச்சா சதை மூடிக்கும்னு லிமெரிக் ஆஸ்பத்திரில டாக்டர் அப்பவே சொன்னாரு. நான்தான் பயந்து ஓடி வந்துட்டேன். வெட்டினா அடைக்குமாடா?"

இப்போது சொல்லிவிடலாம். குழலை வாங்கிக்கொண்டுபோய், துளையில் பிழை இருக்கிறது, வேறு செய்து தருகிறேன் என்றால் முடிந்தது விஷயம். கணப்பின் சூடு முழங்காலில் இதமாக இருந்தது.

"அடைக்கலாம்" என்றான் மாலகி.

"எங்க வெட்டணும்? நீதான் அளவு தெரிஞ்சவன். டாக்டருக்கு என்ன தெரியும் குழலப் பத்தி? நீயே ஒரு கோடு போட்டுக் குடு."

ஹீகி கல்லாவிலிருந்து ஒரு பேனாவை நீட்டினான். மாலகி கோல்மனின் கையை மேசைமேல் மல்லாத்தினான். கோட்டை நடுக்கணுவுக்குக் கீழே போட்டான். அங்கே வெட்டினால் அந்த விரல் இனி எந்தக் குழலின் எந்தத் துளையையும் எட்டாது.

"இவ்வளவா?"

"இவ்வளவு வேணும்."

கோல்மன் கோட்டின்மேல் ஊதி மையைக் காயவைத்தான். பிறகு ஹீகியிடம், மாலகிக்கு ஒரு பீர் ஊற்றச் சொன்னான்.